மின்தேக்கி ஒலிவாங்கியும் பறையொலிப் பதிவும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு தொழில்நுட்ப வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நாட்டார் இசை குறித்த தமிழ் ஆய்வுகள் பாடலின் சொல்லுக்கும் ஆட்டத்தின் சடங்குப் பின்புலத்துக்கும் தந்த இடத்தை ஒலிப்பதிவுக் கருவிக்குத் தரவில்லை. ஒலியைப் பதியும் கருவி நடுநிலையானது என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. மின்தேக்கி ஒலிவாங்கியின் வரலாற்றையும் அதன் சிறுவடிவம் செயற்படும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. திண்டுக்கல் நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு, பறையொலி பதிவுக் கருவிகளால் எவ்வாறு விலக்கப்பட்டது, எவ்வாறு உள்வாங்கப்பட்டது என்பதையும் ஆராய்கிறது. எந்த ஒலி இசையாகப் பதிவு பெறும், எது இரைச்சலாக ஒதுக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பதில் சமூகக் காரணிகளோடு கருவியின் இயல்பும் பங்கு பெறுகிறது என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: மின்தேக்கி ஒலிவாங்கி, எலெக்ட்ரெட், பறை, சக்தி கலைக்குழு, திண்டுக்கல், ஒலிப்பதிவு வரலாறு.

முன்னுரை

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்தது திண்டுக்கல். பூட்டு, தோல், புகையிலை ஆகிய தொழில்களால் பெயர் பெற்ற இந்நகர் மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1985 செப்டம்பர் 15 அன்று தனி மாவட்டத்தின் தலைநகரானது. ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களின் திருவிழாக்களிலும் வாழ்வியல் சடங்குகளிலும் பறை, உறுமி, தவில், நாகசுரம் ஆகியவை இன்றும் ஒலிக்கின்றன.

பறை இவற்றுள் நீண்ட இலக்கியச் சான்றும் ஆழ்ந்த சமூக இழிவும் ஒருங்கே பெற்ற கருவியாகும். தொல்காப்பியம் நிலங்களுக்குரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைக்கிறது. பிற்காலச் சாதியச் சமூகமோ அதனைச் சாவு வீட்டுக் கடமையாகச் சுருக்கி, இசைப்போரின் மீது இழிவைச் சுமத்தியது. பறையை மறுத்தல், பறையை மீட்டெடுத்தல் என்னும் இரண்டும் தலித் அரசியலின் வெவ்வேறு கட்டங்களில் எதிர்ப்பின் வடிவங்களாயின. இந்த வரலாற்றில் ஒலிவாங்கிக்கும் ஓர் இடம் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. முரசை ஒதுக்கிய தொடக்ககாலப் பதிவுகள்

இந்தியாவில் வணிக நோக்கிலான இசைத்தட்டுப் பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. அக்காலப் பதிவில் ஒலிவாங்கி இல்லை. பாடுவோர் ஒரு பெருங்கூம்பின் வாயில் முகம் வைத்துப் பாட, அவ்வோசையின் ஆற்றலே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் தடம் வரைந்தது. இம்முறைக்கு உரத்த குரல் ஏற்புடையது. தோற்கருவியின் வலிய அடி ஏற்புடையதன்று. திடீரென எழும் முரசதிர்வு ஊசியைத் தடம் விலகச் செய்யும் என்பதால், உலகெங்கும் தாளக்கருவிகள் கூம்பிலிருந்து தொலைவில் நிறுத்தப்பட்டன அல்லது பதிவிலிருந்தே நீக்கப்பட்டன. பறை போன்ற கருவிக்கு இத்தகைய அறையில் இடம் இருந்திருக்க வாய்ப்பில்லை. சமூக ஒதுக்கலும் கருவியின் இயலாமையும் இங்கு ஒரே திசையில் இயங்கின.

1925ஆம் ஆண்டளவில் மின்முறைப் பதிவு அறிமுகமானபின் ஒலிவாங்கி பதிவறைக்குள் நுழைந்தது. மென்மையாகப் பாடினாலும் கேட்கும் என்னும் நிலை உருவானது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றோர் ஒலிபெருக்கியின்றிக் கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிய நாடகமேடைக் குரலுக்கும், ஒலிவாங்கியின் முன் பாடப்படும் குரலுக்கும் இடையே ஏற்பட்ட மாற்றம் கர்நாடக இசை ஆய்வில் பேசப்பட்டுள்ளது. அமண்டா வைட்மன் 2006இல் வெளியிட்ட நூல் தென்னிந்தியக் குரலின் நவீனத்துவத்தை இத்தகைய கருவிகளோடு இணைத்து நோக்குகிறது. எனினும் இவ்விவாதம் பெரிதும் குரலைப் பற்றியதாகவே உள்ளது. தோற்கருவி, அதிலும் தெருவில் ஒலிக்கும் தோற்கருவி, விவாதத்தின் விளிம்பிலேயே நிற்கிறது.

வானொலியும் தெரிவு செய்தே ஒலிபரப்பியது. திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே அனைத்திந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. 1971வரை அத்தடை தளரவில்லை; அவ்வாண்டிலும் அது பகுதியளவிலேயே தளர்ந்தது. ஒரு கருவி வானலையில் ஏறுவதும் ஏறாததும் நிறுவனத்தின் முடிவு என்பதற்கு இது தெளிவான சான்று.

2. கரித்தூளிலிருந்து மின்தேக்கிக்கு

ஒலிவாங்கியின் முதற்கட்டம் கரித்தூள் ஒலிவாங்கியாகும். 1870களின் இறுதியில் எடிசன், பெர்லினர், ஹியூஸ் ஆகியோரின் முயற்சிகளால் உருவான இதில், ஒலியழுத்தம் கரித்துகள்களை நெருக்கியும் தளர்த்தியும் மின்தடையை மாற்றும். தொலைபேசிக்கு இது போதுமானதாயிற்று. ஆயின் அதன் இரைச்சலும் திரிபும் இசைக்குப் பொருந்தவில்லை.

மேற்கத்திய மின்பொருள் நிறுவனமான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் பணியாற்றிய இ.சி. வென்ட்டே 1916இல் மின்தேக்கி ஒலிவாங்கியை உருவாக்கினார். ஒலியைத் துல்லியமாக அளப்பதற்கான கருவியாகவே அது முதலில் கருதப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியில் 1928இல் நிறுவப்பெற்ற நாய்மன் நிறுவனம் அதனை வணிகப் பொருளாக்கியது. வெற்றிடக்குழாய் பெருக்கி தேவைப்பட்டமையால் அக்கால ஒலிவாங்கிகள் பருத்து, கனத்து, நிலையத்துக்குள் கட்டுண்டு கிடந்தன.

சிறுவடிவத்துக்கு வழிவகுத்தவை இரண்டு மாற்றங்கள். முதலாவது, 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய மென்படல எலெக்ட்ரெட் ஒலிவாங்கி. காந்தம் காந்தத்தன்மையைத் தன்னுள் நிலையாகக் கொண்டிருப்பதுபோல், எலெக்ட்ரெட் மின்னூட்டத்தை நிலையாகக் கொண்டிருக்கும் பொருளாகும். இச்சொல்லை 1885இல் ஆலிவர் ஹெவிசைடு உருவாக்கினார். இரண்டாவது, வெற்றிடக்குழாய்க்கு மாற்றாகப் புலவிளைவு டிரான்சிஸ்டர் வந்தமை. 1966இல் நாய்மன் நிறுவனம் நார்வே ஒலிபரப்பு நிறுவனத்துக்காக வடிவமைத்த கேஎம் 84, ஒலியைக் கடத்தும் கம்பியின் வழியாகவே 48 வோல்ட் மின்சாரத்தைப் பெற்றது. ஃபேண்டம் மின்வழங்கல் எனப்படும் இம்முறை இன்றளவும் பதிவறைகளின் பொது அளவாக உள்ளது.

3. சிறு மின்தேக்கி ஒலிவாங்கி செயற்படும் முறை

மின்தேக்கி ஒலிவாங்கியின் தலைப்பகுதியில் இரண்டு தகடுகள் உள்ளன. முன்னது சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள அதிர்படலம். பொன்பூச்சுப் பெற்ற பாலியெஸ்டர் அல்லது மெல்லிய உலோகத்தால் ஆனது. பின்னது துளைகளுள்ள அசையாப் பின்தகடு. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகின்றன. 12 மி.மீ. விட்டமுள்ள படலமும் 25 மைக்ரோமீட்டர் இடைவெளியும் கொண்ட தலைப்பகுதியின் மின்தேக்குத்திறன் கணக்கீட்டின்படி ஏறத்தாழ 40 பிக்கோஃபாரட் ஆகும். ஒலியழுத்தம் படலத்தை அசைக்கும்போது இடைவெளி மாறுகிறது. மின்னூட்டம் மாறாதிருப்பதால் மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றமே ஒலியின் மின்வடிவம்.

இவ்வசைவு மிக நுண்ணியது. 94 டெசிபல் அளவிலான ஒலிக்குக்கூடப் படலம் சில நானோமீட்டர் மட்டுமே நகர்கிறது. இவ்வாறு பெறப்படும் மின்குறிப்பு நீண்ட கம்பியில் செல்லும் வலிமையற்றது. ஆகவே தலைப்பகுதியை ஒட்டியே மின்னெதிர்ப்பை மாற்றும் டிரான்சிஸ்டர் பொருத்தப்படுகிறது. எலெக்ட்ரெட் வகையில் தகடுகளுக்குத் தனி மின்னூட்டம் வேண்டுவதில்லை. டிரான்சிஸ்டருக்கு மட்டும் ஒரு சிறு மின்கலம் போதும்.

படலத்தின் சிறுமை வெறும் வசதியன்று. அது ஒலியியல் காரணம் உடையது. 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 17 மி.மீ. படலத்தின் விட்டம் இதைவிடப் பெரிதாயின், பக்கவாட்டிலிருந்து வரும் மேல்சுர ஒலிகள் படலத்தின் வெவ்வேறு புள்ளிகளை வெவ்வேறு கட்டங்களில் தாக்கி ஒன்றையொன்று குறைக்கும். சிறுபடலம் எத்திசையிலிருந்து வரும் ஒலியையும் பெரிதும் ஒரேவகையாக ஏற்கும். அதன் நிறை குறைவாதலால் திடீர் அடிகளை விரைந்து பின்தொடரும். இதற்கு ஒரு விலையும் உண்டு: பெரிய படலத்தைவிடச் சிறுபடலத்தின் உள்ளிரைச்சல் மிகுதி. எனவே மெல்லிய தனிக்குரலுக்குப் பெரும்படலத்தையும், கூர்மையான தாக்கம் கொண்ட கருவிகளுக்குச் சிறுபடலத்தையும் தெரிவு செய்தல் பதிவாளர்களின் பொதுவழக்காயிற்று.

இவ்வொலிவாங்கியின் பயன்களம் விரிந்தது. சட்டையில் பொருத்தும் காலர் மைக், உரைமேடையின் வளைகழுத்து மைக், செவித்துணைக் கருவி, ஒலியளவுமானி, கணினி, கைப்பேசி ஆகிய அனைத்திலும் மின்தேக்கித் தத்துவமே இயங்குகிறது. 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு விதிக்கின்றன. அவ்வரம்பு மீறப்படுகிறதா என அளக்கும் கருவியின் முனையிலும் சிறு மின்தேக்கி ஒலிவாங்கியே உள்ளது.

4. மேடையும் கூம்பும்

திண்டுக்கல் சமவெளியின் பொதுவெளியில் முதலில் வேரூன்றியது மின்தேக்கி ஒலிவாங்கி அன்று, இயக்கச்சுருள் ஒலிவாங்கியாகும். காந்தப்புலத்துக்குள் கம்பிச்சுருள் அசைவதால் மின்சாரம் எழுப்பும் இவ்வகைக்கு வெளிமின்சாரம் வேண்டுவதில்லை. புழுதி, ஈரம், கைதவறி விழுதல் ஆகியவற்றைத் தாங்கும். 1940இல் தொடங்கப்பட்ட அகுஜா போன்ற இந்திய நிறுவனங்களின் பெருக்கிகளும் கூம்புக்குழாய்களும் இதனோடு இணைந்து ‘மைக் செட்’ என்னும் அமைப்பு உருவாயிற்று.

இவ்வமைப்பின் அரசியல் முகத்துக்குத் திண்டுக்கல் தமிழக வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. 1972 அக்டோபரில் தொடங்கப்பட்ட அ.தி.மு.க. தன் முதல் வெற்றியை 1973 மே மாதம் நடைபெற்ற திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் பெற்றது, கே. மாயத்தேவர் வெற்றி பெற்றார். மேடைப்பேச்சே பரப்புரையின் முதன்மைக் கருவியாக இருந்த காலம் அது. மதுரையைக் களமாகக் கொண்டு பெர்னார்ட் பேட் 2009இல் வெளியிட்ட ஆய்வு, திராவிட இயக்கச் செந்தமிழ் மேடைப்பேச்சு மக்களாட்சி அரசியலோடு கொண்ட உறவை விளக்குகிறது. அப்பேச்சு பெருந்திரளைச் சென்றடைவதற்கு ஒலிவாங்கி இன்றியமையாததாக இருந்தது.

ஆனால் மைக் செட் ஒரு படிநிலையையும் ஏற்படுத்தியது. ஒலிவாங்கியின் முன் நிற்பவர் பேசுபவர் ஆனார். அதற்கு வெளியே நிற்பவர் கேட்பவர் ஆனார். பறை இயல்பிலேயே உரத்தது. ஊரின் எல்லைவரை தன் ஆற்றலாலேயே கேட்பது. செய்தி அறிவித்தல் என்னும் அதன் பழைய பணியைக் கூம்புக்குழாய் எளிதில் எடுத்துக்கொண்டது. திருமணத்திலும் கோயில் விழாவிலும் திரையிசைத் தட்டு ஒலிக்கத் தொடங்கியபின், பறைக்கு எஞ்சியவற்றுள் சாவு வீடு முதன்மையானது. பெருக்கப்பட்ட ஒலி பெருமைக்கும், பெருக்கப்படாத ஒலி இழிவுக்கும் உரியதாயின என்று இம்மாற்றத்தைச் சுருக்கிக் கூறலாம்.

5. பறைக்கு முன் ஒலிவாங்கி

நாட்டார் வழக்காற்று ஆய்வு தமிழில் வேர்கொண்டபோது பாடல்கள் பெரிதும் அச்சில் தொகுக்கப்பட்டன. அச்சு சொல்லைக் காத்தது, ஒலியைக் காக்கவில்லை. சொல்லற்ற பறையடவு அச்சுத் தொகுப்பில் இடம்பெற இயலாது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, கையடக்கப் பதிவியாகத் தமிழ்க் கிராமங்களை அடைந்தபோது, அதனுள் பொதிந்த எலெக்ட்ரெட் ஒலிவாங்கியும் உடன் வந்தது. சிறு மின்தேக்கி ஒலிவாங்கி நாட்டாரியல் களத்துக்குள் புகுந்தது இவ்வாறே எனலாம். எனினும் அப்பதிவிகளின் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு, பேச்சுக்கென அமைந்தது. பறையின் வலிய அடி விழுந்தவுடன் அது பதிவளவைத் தாழ்த்தும். அடிக்குப்பின் மெல்ல உயர்த்தும். வல்லடிக்கும் மெல்லடிக்கும் உள்ள வேறுபாடு பதிவில் மழுங்கிவிடும்.

திண்டுக்கல்லில் 1990இல் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். தலித் இளம்பெண்கள் பறையைக் கையிலெடுத்துப் பொதுமேடையில் ஆடினர். ஆண்களுக்கு உரியது, சாவுக்கு உரியது, இழிந்தது என்னும் மூன்று வரையறைகளையும் அவர்கள் ஒருசேர மறுத்தனர். இசை இனவரைவியலாளர் ஜோ ஷெரினியன் இக்குழுவை மையமாகக் கொண்டு ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்னும் ஆவணப்படத்தை உருவாக்கினார். பறையை இசைக்கருவியாக மீட்டெடுக்கும் முயற்சி குறித்து 2011இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆவணப்படத்தின் தலைப்பே ‘இது ஓர் இசை’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடராக அமைந்தது. பறையொலி இசையா இரைச்சலா என்னும் வினாவே அங்கு விவாதப்பொருள்.

பறையின் அமைப்பு ஒலிவாங்கிக்கு ஏன் அறைகூவலாகிறது என்பதை இங்கு நோக்கவேண்டும். மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டப்பட்ட தோல், தீயில் காய்ச்சப்படும்போது ஈரம் நீங்கி இறுகுகிறது, சுருதி உயர்கிறது. தடித்த அடிக்குச்சி தோலின் நடுப்பகுதியில் ஆழ்ந்த ஒலியையும், மெல்லிய நீண்ட சுண்டுக்குச்சி கீறுவது போன்ற கூரிய ஒலியையும் எழுப்புகின்றன. ஒரே கணத்தில் கீழ்சுரப் பெருக்கும் மேல்சுரக் கூர்மையும் பிறக்கின்றன. இயக்கச்சுருள் ஒலிவாங்கியில் படலத்தோடு சுருளும் சேர்ந்து அசைய வேண்டியிருப்பதால், சுண்டுக்குச்சியின் கூர்மை ஓரளவு மழுங்குகிறது. ஒருதிசை ஒலிவாங்கியை மிக நெருங்கி வைத்தால், அண்மை விளைவால் கீழ்சுரம் பருத்துவிடும். ‘பறை என்றால் அதிர்வு மட்டுமே’ என்னும் பொதுப்பதிவு ஓரளவு இத்தகைய நெருக்கப் பதிவிலிருந்தும் உருவாகியிருக்கலாம்.

பறையாட்டம் ஓரிடத்தில் நின்று நிகழ்வதன்று. ஆடுவோர் வட்டமாகச் சுழல்வர். முன்னும் பின்னும் நகர்வர். தோலின் முகம் திசைமாறும். நட்டுவைத்த ஒற்றை ஒலிவாங்கி, அருகில் வந்தவரை மட்டும் உரக்கப் பதிந்து குழுவைச் சிதைத்துவிடும். 17 செ.மீ. இடைவெளியில் 110 பாகைக் கோணத்தில் இரு சிறு மின்தேக்கி ஒலிவாங்கிகளை நிறுத்தும் முறை பிரெஞ்சு வானொலியில் உருவானது. அம்முறையில் ஒலிவாங்கிகள் சற்றுத் தொலைவில் வைக்கப்பட்டால், வட்டத்தின் நகர்வும் அடிகளின் உரையாடலும் கேட்போரின் இரு செவிகளுக்கும் இடம் மாறாமல் வந்து சேரும். திசைமாறினும் தன்மை மாறாது ஏற்கும் சிறுபடலத்தின் இயல்பு இங்குப் பெரும்பயன் தருகிறது.

குறைகளும் உள. திறந்தவெளியில் ஆடிக்காற்று வீசும்போது மென்படலம் காற்றின் தள்ளலையே ஒலியாகப் பதியும். மயிர்ப்போர்வை போன்ற காற்றுத்தடுப்பு இன்றியமையாதது. ஈரம் மின்கசிவை உண்டாக்கி வெடிப்பொலி எழுப்பும். நெருங்கி வைத்தால் பறையின் உச்ச அழுத்தம் ஒலிவாங்கியின் தாங்கும் எல்லையைக் கடக்கும். எனவே இக்கருவியும் முழுமையானதன்று. அதன் குறைகள் வேறு வகையின என்பதே வேறுபாடு.

6. கைப்பேசியும் இரைச்சல் நீக்கமும்

2000களிலிருந்து சிலிக்கான் சில்லில் செதுக்கப்பட்ட நுண் மின்தேக்கி ஒலிவாங்கிகள் கைப்பேசிகளில் பரவின. இன்று ஆட்டத்தைக் காண நிற்கும் கூட்டத்தில் கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் பதிவாளரே. பறைக்குழுக்கள் தம்மைத் தாமே பதிந்து பரப்பிக்கொள்ளும் உரிமையை இது தந்துள்ளது. முன்னர் பதிவுக்கருவி ஆய்வாளர் அல்லது நிறுவனத்தின் கையில் இருந்ததை நினைத்தால், இது அதிகார மாற்றமாகும்.

ஆயினும் கைப்பேசி பேச்சுக்காகப் பிறந்தது. மரபான தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியையே கடத்தியது. பேச்சு புரிவதற்கு அதுவே போதும் எனக் கருதப்பட்டது. இன்றைய கைப்பேசியின் ஒலிவாங்கி அகன்ற பரப்பை ஏற்பினும், அதன்மேல் இயங்கும் இரைச்சல் நீக்க நிரல் மனிதக் குரலையே காக்கவேண்டிய ஒலியாகக் கொள்கிறது. குரலல்லாத திடீர் ஒலிகளைத் தணிக்க முனைகிறது. அத்தகைய நிரல் இயங்கும் பதிவில், பறை மீண்டும் ஒருமுறை இரைச்சல் என்னும் வகைக்குள் வைக்கப்படுகிறது. இதில் எவருடைய உள்நோக்கமும் இல்லை. ஆயினும் விளைவு பழைய பாகுபாட்டோடு ஒத்துப்போவதைக் கவனிக்காமல் விடமுடியாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒலிப்பதிவின் ஒவ்வொரு கட்டத்திலும் கருவியின் இயல்பு சில ஒலிகளுக்குச் சார்பாகவும் சிலவற்றுக்கு எதிராகவும் இயங்கியது. கூம்புப் பதிவு முரசைத் தாங்கவில்லை. மைக் செட் பறையின் பணியை எடுத்துக்கொண்டது. நாடாப்பதிவி அதன் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்தது. இரண்டாவது, சிறு மின்தேக்கி ஒலிவாங்கி பறையின் இரு குச்சிகளுக்கும் உரிய ஒலிவேறுபாட்டைப் பதியத்தக்க இயல்பு உடையது; ஆயினும் வைக்கும் இடமும் முறையும் தவறினால் அவ்வியல்பு பயன்படாது. மூன்றாவது, பறை இசையே என்னும் நிறுவல் சக்தி கலைக்குழு போன்றோரின் ஆட்டத்தால் நிகழ்ந்தது, கருவியால் நிகழவில்லை. கருவி செய்யக்கூடியது, அந்நிறுவலைப் பின்வருவோர் கேட்கும் வண்ணம் சிதையாமல் காத்தல் மட்டுமே.

நாட்டாரிசைக் களப்பணியில் ஈடுபடுவோர், தகவலாளர், ஊர், நாள் ஆகியவற்றோடு ஒலிவாங்கியின் வகை, படலத்தின் அளவு, கலைஞரிடமிருந்து வைக்கப்பட்ட தொலைவு, தானியங்கிக் கட்டுப்பாடு இயக்கத்தில் இருந்ததா என்பன போன்ற விவரங்களையும் பதிந்துவைத்தல் வேண்டும். இவையின்றிப் பிற்கால ஆய்வாளர் ஒரு பறையடவின் மென்மையைக் கலைஞருக்கு உரியதாகக் கொள்வதா, கருவிக்கு உரியதாகக் கொள்வதா எனத் தெளிய இயலாது. நிலக்கோட்டைத் தெருவிலும் வேடசந்தூர்த் திடலிலும் இன்று பதியப்படும் ஒலிகளே நாளைய சான்றுகள். அவற்றைச் சான்றாக்குவது பதிவின் எண்ணிக்கையன்று. எவ்வாறு பதியப்பட்டது என்னும் குறிப்பேயாகும்.